ஆசிரியர் ரஹீம்

நான் குடியிருக்கும் பேகம்பேட்டில் ரொனால்ட் ராஸ் பெயரைத் தாங்கிய பழைய கட்டிடம் ஒன்று உண்டு. 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியை அவர் கண்டறிந்த இடம் அது. அறிவியல் மாணவனாகிய எனக்கு அவ்வழியே செல்லும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு வணக்கம் எழும். ஆனால் இதே நகரில் பிறந்து, இதே நகரில் மறைந்து, இந்தியக் கால்பந்தாட்டத்தை ஆசியாவின் உச்சியில் நிறுத்திய ஒருவரைப் பற்றிச் சென்ற ஆண்டு வரை நான் ஒன்றும் அறியாதிருந்தேன். இதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

அறிந்துகொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி அணி ஓர் இறுதியாட்டத்தில் ஆடியது. முந்திய இரவு ஐரோப்பிய ஆட்டம் ஒன்றைக் கைபேசியில் இரண்டு மணி வரை பார்த்திருந்த நான், அந்த ஆட்டத்துக்குப் போகாமல் உறங்கிவிட்டேன். மாலையில் மைதானத்துப் பக்கம் போனபோது, வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், பார்க்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று வருந்தினார். ரஹீம் சாஹிப் ஊரில் இப்படி ஒரு நாளா என்றும் சொன்னார். 2024இல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படத்தால் அந்தப் பெயர் மட்டும் காதில் விழுந்திருந்தது, மனிதரைத் தெரியாது. அன்றிரவே தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சையத் அப்துல் ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்றபோது அதன் கால்பந்து அணியில் ஆடினார். அந்நாளில் இருந்த 'இலெவன் ஹண்டர்ஸ்' என்னும் அணி நம் கவனத்துக்கு உரியது. கல்லூரியின் பழைய மாணவரும் பயிலும் மாணவரும் கலந்து ஆடிய அணி அது. பட்டம் பெற்றவுடன் மைதானத்தை மறந்துவிடாமல், மூத்தவர் தம் ஆட்டத்தை இளையவருக்குக் கைமாற்றிக் கொடுத்த ஏற்பாடு என்றே அதைக் கூறவேண்டும். ரஹீம் அதிலும் ஆடினார்.

பட்டம் பெற்றபின் அவர் பள்ளி ஆசிரியரானார். பிறகு உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1943இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார்; இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1950இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது.

அன்று கால்பந்து என்றால் கல்கத்தா என்றிருந்தது. அவ்வாண்டு டூரண்டு கோப்பை இறுதியாட்டத்தில் கல்கத்தாவின் மோகன் பகானோடு காவல்துறை அணி 2-2 என்று சமன் செய்து, மறுஆட்டத்தில் 1-0 என்று வென்றது. 1950 முதல் 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. ஒரு பள்ளி ஆசிரியர் ஊர்க் காவலர்களைக் கொண்டு இதைச் சாதித்தார்!

எப்படி முடிந்தது? அவர் மரபை ஒரு சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பந்தைத் தனியொருவனாகக் கடத்திச் சென்று கைதட்டல் வாங்குவது நம் நாட்டு ஆட்டத்தின் பழைய வழக்கம். ரஹீம் அப்படிக் கடத்திச் செல்லுவதற்கே இடமில்லாத போட்டிகளை நடத்தினார். வலக்காலை மட்டும் நம்பும் பழக்கம் போக, பலவீனமான காலால் ஆடும் போட்டிகளையும் வைத்தார். குறையை அறிந்தார், அந்தக் குறை ஒன்றை மட்டும் தனியே பிரித்தார், அதற்கேற்ற பயிற்சியைக் கண்டார். இது விஞ்ஞானியின் வழி அன்றோ?

வெறுங்காலோடு ஆடுவதும் ஒரு மரபாகவே போற்றப்பட்டது. 1951இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், ரஹீமின் பயிற்சியில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், குளிரில், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, யுகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றனர். அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. பெருமைக்குரிய வழக்கமே ஆனாலும் காலத்துக்கு ஒவ்வாவிட்டால் கைவிடத்தான் வேண்டும். நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்னில், அதே இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

அந்த மெல்போர்ன் அணியில் இருபது வயதளவில் ஓர் இளைஞர் இருந்தார். துளசிதாஸ் பலராம் என்பது அவர் பெயர். செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடாவில், பிழைப்புத் தேடி வந்த ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ரஹீம் அவர் ஆட்டத்தைப் பார்த்துப் பயிற்சிக்கு அழைத்தார். அத்தனை தொலைவு நாள்தோறும் வந்துபோகப் பணமில்லை என்று பையன் தயங்கினான். வாடகைச் சைக்கிளுக்கு ஆசிரியரே காசு கொடுத்தார். அந்தச் சில்லறைக் காசில்தான் இந்தியாவுக்கு ஒரு பலராம் கிடைத்தார். 2023இல் அவர் மறைந்தார். ஊர்விட்டு ஊர் வந்து படிக்கும் நமக்கு, பலராமின் கதை நம் வீட்டுக் கதையல்லவா?

ரஹீமின் கடைசி ஆட்டம் 1962இல் ஜகார்த்தாவில். அப்போதே புற்றுநோய் அவர் உடலைப் பற்றியிருந்தது. ஆசிய விளையாட்டின் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பின்பு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்று கடந்தனர். தலையில் தையல் போட்டிருந்த பின்களக் காவலர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்னணியில் நிறுத்தினார். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம், மீண்டும் தென்கொரியாவுடன். விளையாட்டின் அரசியல் தகராறு ஒன்றால் அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே. பானர்ஜி ஒரு கோல் போட்டார், ஜர்னைல் மற்றொன்று. கோல் வாயிலில் ஐதராபாத்தில் பிறந்து மதராஸ் ரெஜிமெண்டு அணியில் புகழ்பெற்ற பீட்டர் தங்கராஜ் நின்றார். 2-1 என்று தங்கம் இந்தியாவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11ஆம் நாள், ரஹீம் கண்மூடினார். வயது ஐம்பத்து மூன்றுதான். அதன்பின் 2023 வரை நடந்த எந்த ஆசிய விளையாட்டிலும் கால்பந்துத் தங்கம் நமக்குக் கிட்டவில்லை.

நண்பர்களே! கல்லூரிக் கால்பந்தில் மரபுக்கு இன்னும் மதிப்புண்டா என்று நம் விடுதிகளில் அடிக்கடி வாதம் நடக்கிறது. கொடியும் கோஷமும் பழைய கோப்பைகளுமே மரபு என்று ஒரு சாரார் எண்ணுகின்றனர்; அவையெல்லாம் பழங்கதை என்று மறுசாரார் தள்ளுகின்றனர். ரஹீமின் வாழ்வு இரு சாராருக்கும் விடை கூறுகிறது. வெறுங்காலையும் தனியாட்டத்தையும் அவர் தயங்காமல் மாற்றினார். ஆனால் மூத்தவன் இளையவனுக்குக் கற்றுக்கொடுக்கும் வழக்கத்தை, இலெவன் ஹண்டர்ஸ் நாட்களில் பெற்றதை, கடைசிவரை விடவில்லை. அந்த வழக்கம்தான் மரபு. மற்றவையெல்லாம் அதன் உடை, கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்ப்பதில் குற்றமில்லை; நானும் பார்ப்பேன். ஆனால் நம் கல்லூரிக்காக ஆடும் பையனை மைதானத்தின் ஓரத்தில் நின்று நாம் பார்க்காவிட்டால், அவனிடமிருந்து அடுத்தவன் எதைப் பெறுவான்? அடுத்த ஆட்ட நாளன்று பேகம்பேட்டிலிருந்து காலையிலேயே புறப்படுவதென்று முடிவு செய்திருக்கிறேன். உடன் வர விரும்பும் நண்பர்கள் சங்க அறையில் பெயர் கொடுக்கலாம். வலை சுருட்டும் பெரியவர் இம்முறையேனும் எண்ணிக் களைக்கட்டும்.