மேயர் ஜாஸ்பர் மக்லெவி

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கடலோரத்தே அமைந்த தொழில்நகரம் பிரிட்ஜ்போர்ட். தையல் இயந்திரங்களுக்கும் தோட்டாக்களுக்கும் பெயர் பெற்ற ஊர். சர்க்கஸ் நடத்திப் புகழ்கொண்ட பார்னம் 1875ஆம் ஆண்டில் அதன் மேயரானார். ஓராண்டே அப்பதவியில் இருந்தார். ஆனால் 24 ஆண்டுகள் அந்நகரை ஆண்டவர், கூரை வேயும் தொழிலாளியான ஜாஸ்பர் மக்லெவி என்பவராவார்.

1878ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே, ஸ்காட்லாந்து வழிவந்த எளிய குடும்பத்தில் தோன்றியவர் அவர். கூரைத்தொழில் தந்தைவழி வந்தது. பள்ளிப் படிப்பு இளமையிலேயே நின்றுவிட்டது. எட்வர்டு பெல்லமியின் நாவலொன்றைக் கற்றுச் சோஷலிஸ்டு ஆனார். 1911 முதல் மேயர் பதவிக்குப் பன்முறை போட்டியிட்டுத் தோற்றார். இருபதாண்டுகளுக்கு மேல் தோல்வியையே கண்டும் ஊரைவிட்டோ, கட்சியைவிட்டோ அவர் பெயரவில்லை என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும்.

பொருளாதார வீழ்ச்சியால் ஆலைகள் முடங்கிக் கிடந்தன. பாலம் ஒன்றன் செலவு மிதமிஞ்சிப் பெருகிய விவகாரத்தால் பெரிய கட்சிகளின் மீது மக்கள் வெறுப்புற்றிருந்தனர். 1933 நவம்பரில் மக்லெவி வென்றார். நகரசபையும் அவர் கட்சியினர் வசமாயிற்று. புரட்சி வருமென்று அஞ்சிய செல்வர்கள் கண்டதோ, சல்லிக்காசுக்கும் கணக்குக் கேட்கும் ஒரு குடும்பத்தலைவரை! சிபாரிசால் வேலை பெறும் வழக்கத்தை ஒழித்துத் தகுதி முறையைப் புகுத்தினார். குத்தகைதாரரிடமிருந்த குப்பை அகற்றும் பணியை நகராட்சியே ஏற்கச் செய்தார். கடன் குறைந்தது. 1938இல் ஆளுநர் தேர்தலில் நின்று ஒரு லட்சத்து அறுபதினாயிரத்துக்கு மேல் வாக்குகள் பெற்றார். பதவியிலிருந்த ஆளுநர் தோற்றதற்கு அதுவே காரணமாயிற்று.

அவரது சிக்கனத்திற்கு மறுபக்கமும் உண்டு. பனிக்காலத்தில் தெருக்களில் குவியும் பனியை வாரப் பணம் செலவிட அவர் மனம் ஒப்பவில்லை. பனியைப் பெய்வித்த இறைவனே அதனை நீக்கிக்கொள்வான் என்று அவர் இருந்துவிடுவதாக ஊரார் நகையாடினர். சோஷலிசத்தை மறந்து வரிக்குறைப்பைப் பற்றிக்கொண்டார் என்று தோழர்களே குறைகூறினர். கட்சியும் 1936இல் பிளவுற்றது. குறையில் உண்மையில்லை என்று சொல்வதற்கில்லை. எனினும், அடுத்த வேளை உணவுக்கு வழியறியாத தொழிலாளர் நிறைந்த ஊரில், அவர்கள் செலுத்திய வரி களவு போகாமற் காப்பதும் சிறிய தொண்டன்று.

ஈராண்டுக்கொருமுறை பன்னிரு தேர்தல்களில் வென்றவர், 1957இல் மிகச் சொற்ப வாக்குகளில் சாமுவேல் டெடெஸ்கோவிடம் தோற்றார். 1962இல் 84ஆம் வயதில் காலமானார். 1860இல் ஆபிரகாம் லிங்கன் உரையாற்றிய பழைய நகரமன்றக் கட்டடம் மக்லெவி பெயரைத் தாங்கி நிற்கிறது.