எடிசன் அம்மாவுக்கு வந்த கடிதம்... உண்மையில் நடந்தது என்ன?

ஸ்கூலிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. அதைப் படித்து அம்மா கண் கலங்குகிறார். உன்னை மாதிரி மேதைக்குச் சொல்லிக்கொடுக்க அங்கே ஆசிரியர்கள் இல்லையாம் என்று மகனிடம் சொல்கிறார். அம்மா இறந்த பிறகு, மகன் அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால், மூளை சரியில்லாத பையனை இனி அனுப்பாதீர்கள் என்று எழுதியிருக்கிறது.

தாமஸ் ஆல்வா எடிசனைப் பற்றிய இந்தக் கதை உங்கள் ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். ஆனால், அப்படியொரு கடிதம் இருந்ததற்கு ஆதாரமே இல்லைங்க. நிஜத்தில் நடந்தது இதைவிட நல்ல கதை. படிக்கத் திணறுகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், உங்களுக்குத் தேவையான கதையும் அதுதான்.

காதில் விழுந்த வார்த்தை

எடிசன் பிறந்தது 1847 பிப்ரவரி 11-ம் தேதி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள மிலன் என்ற சின்ன ஊரில். ஏழு குழந்தைகளில் கடைக்குட்டி. அந்த ஏழு பேரில் மூன்று பேர் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள். 1854-ல் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரானுக்குக் குடிபெயர்ந்தது. பையன் பள்ளிக்குப் போனது அங்கேதான்.

மனப்பாடமும் கண்டிப்பும்தான் அந்தக் காலத்துப் படிப்பு. இவனுக்கு அது ஒத்துவரவில்லை. எப்போதும் வகுப்பில் கடைசி. ஒருநாள், இவனுக்கு மூளை குழம்பிப்போயிருக்கிறது என்று ஆசிரியர் இன்னொருவரிடம் சொன்னது அவன் காதிலேயே விழுந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினான். அம்மா நான்ஸி அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். என் பிள்ளைக்கு உங்களைவிட மூளை அதிகம் என்று ஆசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு, பள்ளியை விட்டே நிறுத்திவிட்டார். பின்னாளில் எடிசனே நினைவுகூர்ந்த சம்பவம் இது.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஃபார்வேர்டு கதையில் அம்மா ஒரு பொய் சொல்லி மகனைக் காப்பாற்றுகிறார். நிஜத்தில் மறைக்க எதுவுமே இல்லை, பையனுக்கு எல்லாம் தெரியும். நம்ம பக்கம் நிற்க அம்மா இருக்காங்க என்ற தைரியம்தான் அவனுக்குத் தேவைப்பட்டது.

வீடே வகுப்பறை

திருமணத்துக்கு முன்பு நான்ஸி பள்ளி ஆசிரியை. அதற்காக, அதட்டவே தெரியாத அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் அவர் ஒரு குச்சி வைத்திருந்தாராம். அடித்து அடித்து அதன் பட்டையே தேய்ந்துபோயிருந்தது என்று எடிசன் சொல்லியிருக்கிறார்!

ஆனால், பாடம் சொல்லிக்கொடுப்பதில் அவர் வழி வேறு. மனப்பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, கிப்பன், ஹ்யூம் எழுதிய தடித்தடி வரலாற்றுப் புத்தகங்களுக்குள் மகனை அழைத்துப்போனார். ஒன்பது வயதுவாக்கில் பார்க்கர் எழுதிய அறிவியல் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அதிலிருந்த சோதனைகளை எல்லாம் பையன் வீட்டிலேயே செய்து பார்த்தான். நிலவறை முழுக்க ரசாயன பாட்டில்கள். யாரும் தொட்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றிலும் விஷம் என்று எழுதி ஒட்டி வைத்தான்.

அப்படியானால் குறைகள் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. இளைஞராக வெளியூரில் வேலை பார்த்தபோது அவர் அம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. இது நிஜக் கடிதம். அதில் இலக்கணம் தடுமாறுகிறது. கணக்கும் அவருக்குப் பிடிபடவில்லை. பின்னாளில் அதற்கென்றே ஃபிரான்சிஸ் அப்டன் என்ற கணித வல்லுநரை வேலைக்கு வைத்துக்கொண்டார். வராத விஷயத்துக்குத் துணை தேடிக்கொண்டார், அவ்வளவுதான்.

டிஸ்லெக்ஸியாவா?

டிஸ்லெக்ஸியா இருந்த பிரபலங்கள் என்ற பட்டியல்களில் எடிசன் பெயர் தவறாமல் இருக்கும். ஆனால், இத்தனை வருடம் கழித்து அதை யாராலும் உறுதி செய்ய முடியாது. சின்ன வயதிலிருந்தே அவருக்குக் காது கேட்பதிலும் பிரச்னை இருந்தது. டிஸ்லெக்ஸியா என்ற சொல்லே, ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1880-களில் உருவாக்கியது. நன்றாகப் பேசிப் பழகும் ஒரு சிறுவனுக்கு வாசிக்க மட்டும் வரவில்லை என்று இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் எழுதியது 1896-ல். அதாவது, தன் பிள்ளைக்கு என்ன பிரச்னை, அதற்கு என்ன பெயர் என்று எதுவுமே தெரியாமல்தான் நான்ஸி அவன் பக்கம் நின்றார்.

உங்களுக்கு அந்தப் பெயர் தெரியும். வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்கிற பிள்ளை, எழுதச் சொன்னால் திணறுகிறதா? எழுத்துகளை மாற்றிப் போடுகிறதா? வாசிக்கச் சொன்னாலே வயிற்றுவலி வருகிறதா? சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். உளவியல் நிபுணரிடமோ, சிறப்புக் கல்வியாளரிடமோ அழைத்துப் போங்கள். கற்றல் குறைபாடு, நம் நாட்டின் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கலாம். நான்ஸியைப் போலப் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், அவரைப் போலப் பள்ளிக்குப் போய்ப் பேச வேண்டும்.

1871 ஏப்ரலில் நான்ஸி இறந்தபோது எடிசனுக்கு வயது 24. ஃபோனோகிராஃப் வந்தது 1877-ல், மின்விளக்கு 1879-ல். மகன் பெற்ற 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளில் பெரும்பாலானவற்றை அந்த அம்மா பார்க்கவே இல்லை. ஒரு மேதையை உருவாக்குகிறோம் என்று நினைத்து அவர் அன்று பள்ளிக்குப் போகவில்லை. அழுதுகொண்டு வந்த பிள்ளைக்காகப் போனார். இன்று சாயங்காலம் உங்கள் பிள்ளையின் நோட்டைத் திறக்கும்போது, அதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.