மலையைச் சமவெளிக்கு அழைத்து வந்தவர் – சர் பி. டி. ராஜன்

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயரிட்டு, அதற்குச் சேயோனைத் தெய்வமாக வைத்தவர் தமிழர். குன்றுதோறும் முருகனைக் கண்ட இம்மரபில், மதுரையை நீங்கிய கண்ணகியும் வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, மலையேறிய பின்னரே தெய்வமானாள். அவள் நடந்த அம்மேற்குத் திசையில்தான் நம் போடிநாயக்கனூரும் கம்பம் பள்ளத்தாக்கும் ஏலமலைத் தொடரின் அடியில் அமைந்துள்ளன. போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி என்னும் மூன்று கணவாய்களும் நம் மக்களுக்கு வயிற்றுப் பாட்டுக்கு வழியாகவும் வழிபாட்டுக்கு வழியாகவும் விளங்கி வருகின்றன.

கார்த்திகை முதல் நாள் தொடங்கித் தை மாதப் பிறப்பு வரை இவ்வழிகளில் கறுப்பும் நீலமும் உடுத்த அடியார் கூட்டம் இரவு பகலாகச் செல்வதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். நெரிசலைத் தவிர்க்க, மலையேறும் ஊர்திகளைக் கம்பமெட்டு வழியாகவும் இறங்கும் ஊர்திகளைக் குமுளி வழியாகவும் திருப்பிவிடும் அளவுக்கு அக்கூட்டம் பெருகியுள்ளது. ஆயினும், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்ச் சபரிமலை தமிழகத்துச் சிற்றூர் மக்களில் மிகச் சிலரே சென்று வந்த காட்டுக் கோயிலாக இருந்தது. அதனைத் தமிழ் மக்கள் பெருந்திரளாக அறியச் செய்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் நம் பள்ளத்தாக்கின் மைந்தராகிய சர் பி. டி. ராஜன். அரசியல் வரலாற்றில் இடம்பெற்றுள்ள அளவுக்கு அவர் பெயர் நம் இலக்கிய மேடைகளில் இடம்பெறவில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்குதல் இம்மலருக்குப் பொருத்தமான பணியாகும்.

பிறப்பும் கல்வியும்

பொன்னம்பல தியாகராஜன் என்னும் முழுப்பெயர் கொண்ட இப்பெருமகனார், 1892-ஆம் ஆண்டு உத்தமபாளையத்தில் வளம் மிக்க குடும்பம் ஒன்றில் தோன்றினார். அவர் பிறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1895-இல், முல்லைப் பெரியாறு அணை நிறைவுற்றது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு இருபோக விளைநிலமாயிற்று. மலைக்கு அப்பாலிருந்து வரும் நீரால் வாழும் மண்ணில் வளர்ந்தவர் அவர் என்பதனை மனத்திற்கொண்டால், மலைக்கு அப்பாலிருந்த தெய்வத்தின்பால் அவர் கொண்ட ஈடுபாடு நமக்கு வியப்பாகத் தோன்றாது.

இளமையிலேயே இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்சு நகரின் லீஸ் பள்ளியிலும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் இயேசு கல்லூரியிலும் பயின்றார். வரலாறும் சட்டமும் அவர் கற்ற துறைகள். தாயகம் திரும்பியதும் அவரை ஈர்த்தது அரசியல்.

நீதிக்கட்சியில்

தென்னிந்திய நல உரிமைச் சங்கம் 1916-இல் தோன்றியது. தான் நடத்திய ஆங்கில நாளிதழின் பெயரால் அது நீதிக்கட்சி என வழங்கலாயிற்று. 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் ராஜன் அக்கட்சியின் சார்பில் சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்தார். அக்காலத்து நீதிக்கட்சி ஆட்சி செய்த பணிகளுள் மூன்றினை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். அரசுப் பணிகளில் எல்லா வகுப்பினருக்கும் இடமளிக்கும் ஆணை பிறந்தது ஒன்று. 1921-இல் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கப்பட்டது மற்றொன்று. கோயில் சொத்துகளைப் பொதுக் கண்காணிப்பின்கீழ்க் கொணரும் அறநிலையச் சட்டம் பனகல் அரசர் காலத்தில் உருவானது மூன்றாவது.

இம்மூன்றாவது பணி பலரால் மறக்கப்படுவது. நீதிக்கட்சி என்றாலே கோயிலுக்குப் புறம்பானது என்னும் எண்ணம் பிற்காலத்தில் எழுந்தது. உண்மையில், கோயிலை ஒரு சிலரின் உடைமை நிலையிலிருந்து மீட்டு ஊரின் உடைமையாக்க முனைந்த கட்சி அது. இதனை உணர்ந்தால்தான் ராஜனின் வாழ்வில் அரசியலும் ஆன்மிகமும் ஒன்றோடொன்று பொருந்தி நின்ற பாங்கு விளங்கும்.

1930-இல் முனுசாமி நாயுடு அமைச்சரவையில் வளர்ச்சித் துறை அமைச்சரான ராஜன், பொப்பிலி அரசரின் அமைச்சரவையிலும் தொடர்ந்தார். 1936-ஆம் ஆண்டு ஏப்ரல் 4 முதல் ஆகத்து 24 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் பொறுப்பு வகித்தார். அதே ஆண்டு நவம்பரில், மலைக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூர் அரசு, எல்லாச் சாதியினருக்கும் தன் கோயில்களைத் திறந்துவிடும் ஆணையை வெளியிட்டது. சபரிமலை அமைந்திருந்ததும் அவ்வரசின் எல்லைக்குள்தான்.

தராசை விடாதவர்

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வீழ்ந்தது. பெரியார் அதன் தலைமையை ஏற்றார். 1944-இல் சேலத்தில் கூடிய மாநாடு கட்சியின் பெயரைத் திராவிடர் கழகம் என மாற்றியது. அரசு வழங்கிய பட்டங்களைத் துறக்கவும் தேர்தலைத் தவிர்க்கவும் முடிவு செய்தது. அம்முடிவுகளை ஏற்காத சிலர் பழைய பெயரையும் தராசுக் கொடியையும் விடாது காத்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ராஜனும் ஒருவர். காலம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் சட்டமன்றத்திற்கு அக்கட்சி நிறுத்திய ஒன்பது வேட்பாளர்களுள் வெற்றி பெற்றவர் அவர் ஒருவரே. அவரை வெற்றி பெறச் செய்தது கம்பம் தொகுதி. கட்சி கரைந்தபோதும் சொந்த மண் அவரைக் கைவிடவில்லை.

தீயும் திருமேனியும்

இவ்வரசியல் இறங்குமுகத்தின் நடுவில்தான் அவர் வாழ்வின் மற்றொரு ஏற்றம் நிகழ்ந்தது. 1950-இல் சபரிமலைக் கோயில் தீக்கிரையாயிற்று. மூலத் திருமேனியும் சிதைவுற்றது. கோயிலைப் புதுப்பித்து ஐம்பொன் திருமேனி ஒன்றினை நிறுவும் பணி தொடங்கியபோது, அத்திருமேனியைத் தமிழ்நாட்டின் ஊர்கள் வழியே ஊர்வலமாக எடுத்துச் சென்று மலையில் சேர்ப்பிக்கும் பொறுப்பினை ராஜன் முன்னின்று நிறைவேற்றினார். அவரோடு இணைந்து நின்றவர் நாடகக் கலைஞர் நவாப் ராஜமாணிக்கம். பக்த ராமதாஸ் நாடகத்தில் ஏற்ற நவாப் வேடமே அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. ஐயப்பன் வரலாற்றை மேடையேற்றி, ஊர் ஊராக மக்கள் கண்முன் நிறுத்தியவர் அவர். அவர் குழுவில் வளர்ந்த நடிகர் எம். என். நம்பியார் பின்னாளில் பல்லாயிரவருக்குக் குருசாமியாக விளங்கியது நாம் அறிந்ததே. புதிய திருமேனி 1951-இல் நிறுவப்பெற்றது.

பொதுவாக அடியவர்தாம் மலையை நாடிச் செல்வர். இங்கோ மலைத்தெய்வம் அடியவரை நாடிச் சமவெளிக்கு வந்தது. தெருவில் நின்று வணங்கியோர்க்கு அது புதிய தெய்வமாகவும் தோன்றவில்லை. ஊர்க் கண்மாய்க் கரையில் குதிரையோடு காவல் நிற்கும் ஐயனாரை அவர்கள் அறிவர். சாத்தன் என்னும் பெயரைப் புலவரே தாங்கிய நாடு இது. சிலப்பதிகாரமும் சாத்தன் கோட்டத்தைப் பேசுகிறது. பழகிய உறவொன்று காட்டுக்குள் இருந்து வந்து அழைத்ததைப் போன்றதே அந்நிகழ்ச்சி.

அவ்வழைப்பில் நீதிக்கட்சிக்காரர் ஒருவருக்கு உவப்பான கூறு ஒன்றும் இருந்தது. மாலை அணிந்தவர் எவராயினும் அவர் பெயர் சாமி. பண்ணையாரும் பண்ணையாளும் ஒருவரையொருவர் அவ்வாறே விளிக்க வேண்டும். முன்முடியில் நெய்த்தேங்காயும் பின்முடியில் வழிக்குரிய அரிசியும் சுமந்து, ஒரே தரையில் படுத்து, ஒரே பானைச் சோற்றை உண்ண வேண்டும். எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வணங்கியே மேற்செல்ல வேண்டும். சட்டமன்றத்தில் ஆணைகளால் அடைய முயன்ற சமனிலையை, நாற்பத்தொரு நாள்களுக்கேனும், நோன்பொன்று நடைமுறையில் காட்டியது. விழா முடிந்து மாலையைக் கழற்றியதும் பழைய சாதி வேறுபாடுகள் தலைதூக்குவதையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், ஒருமுறை சாமி என்று அழைத்த நாவு அதனை முற்றிலும் மறத்தல் எளிதன்று.

ஆலவாய்த் திருப்பணி

மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக் குழுவின் தலைவராக அவர் ஆற்றிய தொண்டும் பெரிது. 1963-ஆம் ஆண்டுக் குடமுழுக்கு அத்தொண்டின் நிறைவாக அமைந்தது. 1968-இல் சென்னையில் நிகழ்ந்த நீதிக்கட்சியின் பொன்விழாவையும் கண்டு, 1974-இல் அவர் இயற்கை எய்தினார். அவர் மைந்தர் பழனிவேல்ராஜன் சட்டமன்றப் பேரவைத் தலைவராகவும், 2006-இல் அறநிலையத் துறை அமைச்சராகவும் விளங்கினார். தந்தையின் கட்சி அடித்தளமிட்ட துறைக்கு மைந்தர் அமைச்சரானது வரலாற்றின் அழகிய பொருத்தமாகும்.

நிறைவுறாத படிகள்

பெரியோர் வாழ்வைப் புகழ்தலோடு அமையாமல், அவர் தொடங்கிவைத்தது எங்கு வந்து நிற்கிறது என்று காணுதலும் நம் கடமை. அவர் கூட்டிய கூட்டம் இன்று காடு கொள்ளாத கூட்டமாகிவிட்டது. 2011-ஆம் ஆண்டு மகரவிளக்கு நாளில், வண்டிப்பெரியாறு வழியிலுள்ள புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் தமிழகத்தாரும் பலர். மலையின் பொறுமைக்கும் எல்லையுண்டு என்பதை அத்துயரம் உணர்த்தியது.

மற்றொன்று பெண்களைப் பற்றியது. பத்து முதல் ஐம்பது வயது வரையுள்ள பெண்களுக்கு அம்மலையில் இருந்த தடையினை 1991-இல் கேரள உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. 2018-இல் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. 2019-இல் அவ்வழக்கின் வினாக்கள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பெற்றன. ஆண்கள் மாலையணிந்த வீட்டில் விடியலில் எழுந்து நீராடி, நோன்புச் சோறு சமைத்து, நாற்பத்தொரு நாளும் அவர்களோடு நோன்பிருப்பவள் பெண். இருமுடியை வாயில்வரை வழியனுப்பும் பெண்களுள் இக்கட்டுரையாளரும் ஒருத்தி. தடையை மரபென்று போற்றுவோரும் பெண்களுள் உளர். அநீதியென்று வருந்துவோரும் உளர். பெண்களுக்கு வாக்குரிமை தந்த அவையில் அமர்ந்த ஒருவர் வளர்த்த வழிபாட்டில் இவ்வினா எழுந்து நிற்பதனைக் காணாதது போல் கடந்து செல்லுதல், அவருக்குச் செய்யும் சிறப்பாகாது. நீதி என்னும் சொல்லைக் கட்சிப் பெயராகக் கொண்டவரின் நினைவில் அவ்வினாவை எழுப்புதலே தக்கது.

போடியிலிருந்து நாள்தோறும் விடியலில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் அறிவோம். மழையிலும் அட்டைக்கடியிலும் குனிந்து காய் பறித்து, பொழுது சாயக் கணவாய் இறங்குகின்றனர். அவர்களை எந்த மலையும் வயது கேட்டதில்லை. சித்திரை முழுநிலவில் கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவி கண்ணகி கோட்டத்திற்கு அதே பெண்கள் பிள்ளையை இடுப்பில் தாங்கி ஏறுகின்றனர். ஆண்டில் ஒரே நாள் திறக்கும் அக்கோட்டமும் நம் மலைமேல்தான் உள்ளது.

நம் வட்டத்துக் கவிஞர்கள் மலைப்பயணத்தைப் பாடும்போது இருமுடியை மட்டும் பாடாமல், தூக்குவாளியோடு ஏறும் அப்பெண்களையும் பாட வேண்டும். தெய்வத்தைத் தெருவுக்கு அழைத்து வந்து எல்லார்க்கும் காட்டிய உத்தமபாளையத்துப் பெருமகனாருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாகும்.