சையது அப்துல் ரகீம்

சையது அப்துல் ரகீம் (ஆகஸ்ட் 17, 1909 – ஜூன் 11, 1963) இந்தியக் கால்பந்துப் பயிற்றுநரும், முன்னாள் ஆட்டக்காரரும், பள்ளி ஆசிரியரும் ஆவார். ரகீம் சாகிப் என்று அழைக்கப்பட்ட இவரது பயிற்சியில் இந்திய அணி 1951, 1962 ஆகிய ஆண்டுகளில் ஆசிய விளையாட்டுக்களில் தங்கப் பதக்கம் வென்றது. 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்றுநராக இறக்கும் வரை பணியாற்றினார். ஒரே பயிற்றுநரிடம் ஓர் அணியை நெடுங்காலம் ஒப்படைப்பது நன்மையா என்ற விவாதத்தில் இந்திய எடுத்துக்காட்டாக இவரது வாழ்க்கையைக் கொள்ளலாம்.

இளமையும் ஆசிரியப் பணியும்

ரகீம் ஐதராபாத்தில் பிறந்தார். உசுமானியா பல்கலைக்கழகத்தில் கல்வி கற்றார். மாணவப் பருவத்திலேயே கால்பந்தில் ஈடுபட்ட இவர், ஐதராபாத்தின் உள்ளூர்க் கழகங்களில் ஒன்றான கமர் கழகத்திற்காகவும் விளையாடினார். பின்னர் நகரின் பல பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். உடற்கல்வியில் பட்டயம் பெற்று, பள்ளிகளில் விளையாட்டுப் பொறுப்புகளையும் ஏற்றார்.

ஆசிரியர் என்ற இப்பின்புலம் இவரது பயிற்சி முறையில் தெளிவாகத் தெரிந்தது. வயதில் இளைய ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டறிந்து, பல ஆண்டுகள் பொறுமையுடன் வளர்த்தெடுப்பதே இவரது வழக்கமாக இருந்தது.

ஐதராபாத் கால்பந்து

1943 ஆம் ஆண்டில் ரகீம் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். அக்காலத்தில் இந்தியக் கால்பந்தின் தலைநகராகக் கல்கத்தா விளங்கியது. மோகன் பாகன், ஈசுட்டு பெங்கால், முகமதன் இசுப்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களின் புகழும் பெரும் எண்ணிக்கையிலான இரசிகர்களும் பிற ஊர் ஆட்டக்காரர்களை அங்கு ஈர்த்தன. ஐதராபாத் போன்ற நகரம் தன்னிடம் உருவாகும் ஆட்டக்காரர்களை இழந்துகொண்டே இருந்தது. ஆகவே தொடர்ந்து புதியவர்களை உருவாக்கும் ஏற்பாடு ஒன்று தேவைப்பட்டது.

இதற்காக ரகீம் வழக்கத்திற்கு மாறான சில போட்டிகளை நடத்தினார். பந்தைத் தனியே கடத்திச் செல்வதைத் தடை செய்து, உடனுக்குடன் சக ஆட்டக்காரருக்கு அனுப்ப வேண்டும் என்ற விதியுடன் ஆடப்பட்ட போட்டிகள் ஒரு வகை. பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்பது மற்றொரு வகை. முதலாவது வகை கூட்டு ஆட்டத்தையும் வேகத்தையும், இரண்டாவது வகை இரு கால்களின் திறமையையும் வளர்த்தன.

இவர் பயிற்றுவித்த ஐதராபாத் நகரக் காவல்துறை அணி, பம்பாயில் நடைபெற்ற ரோவர்சு கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. தில்லியில் நடைபெற்ற டுராண்டு கோப்பையையும் 1950 இல் கைப்பற்றியது. பின்னரும் அக்கோப்பையை வென்றது. ஆந்திரப் பிரதேசம் உருவான பின்னர் இவ்வணி ஆந்திரக் காவல்துறை என்ற பெயரில் ஆடியது. மாநில அளவிலான சந்தோசு கோப்பையை ஐதராபாத் 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களில் வென்றது.

இந்திய அணியின் பயிற்றுநர்

1951 தில்லி ஆசிய விளையாட்டுக்கள்

முதலாவது ஆசிய விளையாட்டுக்களில் சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணிக்கு ரகீம் பயிற்றுநராக இருந்தார். இந்தோனேசியாவையும் ஆப்கானித்தானையும் தலா 3-0 என்ற கணக்கில் வென்ற இந்தியா, இறுதியாட்டத்தில் சாகு மேவாலால் அடித்த இலக்கின் மூலம் ஈரானை 1-0 என்ற கணக்கில் வென்று தங்கம் பெற்றது.

1952 எல்சிங்கித் தோல்வி

அடுத்த ஆண்டே பெரும் பின்னடைவு ஏற்பட்டது. எல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவிடம் இந்தியா 1-10 என்ற கணக்கில் தோற்றது. இந்திய ஆட்டக்காரர்களில் பலர் காலணி இன்றி ஆடினர். ஐரோப்பியக் குளிரும் அத்தரையும் அவர்களுக்குப் பழக்கமற்றவையாக இருந்தன.

இத்தகைய தோல்விக்குப் பின் பயிற்றுநரை நீக்குவதே பல நாடுகளில் முதலில் எழும் கோரிக்கையாகும். ஆயினும் இத்தோல்வியிலிருந்து பெறப்பட்ட முக்கியமான பாடம் வேறாக இருந்தது. இதனை அடுத்து இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு காலணி அணிந்து ஆடுவதைக் கட்டாயமாக்கியது. எல்சிங்கி அணிக்குப் பொறுப்பாக இருந்த ரகீமே நான்கு ஆண்டுகளின் பின் மெல்பேர்ண் ஒலிம்பிக் அணிக்கும் பயிற்றுநராகச் சென்றார்.

1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்

முதல் சுற்றில் அங்கேரி விலகியதால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. அங்கு போட்டியை நடத்திய ஆத்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்றது. இந்த ஆட்டத்தில் நெவில் டிசூசா மூன்று இலக்குகளை அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இச்சாதனையைப் புரிந்த முதல் ஆசியர் இவரே. அரையிறுதியில் டிசூசாவின் இலக்கால் இந்தியா முன்னிலை பெற்ற போதிலும், யுகோசுலாவியாவிடம் 1-4 என்ற கணக்கில் தோற்றது. வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்ற கணக்கில் வென்றது. நான்காம் இடமே ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரை பெற்ற மிகச் சிறந்த இடமாகும்.

1960 ரோம் ஒலிம்பிக்

பி. கே. பானர்ஜி தலைமையிலான அணி கடினமான பிரிவில் இடம்பெற்றது. அதன் முடிவுகள் வருமாறு:

* அங்கேரியிடம் 1-2 எனத் தோல்வி
* பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை
* பெருவிடம் 1-3 எனத் தோல்வி

பெருவிற்கு எதிரான இலக்கை அடித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் ஆவார். இந்தியா அதன் பின் ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறாததால், ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி இலக்காக இதுவே உள்ளது. பதக்கமோ வெற்றியோ இல்லாமல் அணி திரும்பிய போதிலும், அடுத்த ஆசிய விளையாட்டுக்களுக்கும் ரகீமே பொறுப்பில் இருந்தார்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கள்

சுனி கோசுவாமி தலைமையில் சென்ற இந்திய அணி முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்ற கணக்கில் தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4-1 என்ற கணக்கிலும், ஜப்பானை 2-0 என்ற கணக்கிலும் வென்றது. தாய்லாந்துடனான ஆட்டத்தில் பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது.

காயமுற்றவரைப் பின்வரிசையில் ஆடவிடாமல், முன்வரிசையில் நடுத் தாக்குநராக ரகீம் இறக்கினார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3-2 என்ற கணக்கில் வென்றது. ஜர்னைல் சிங்கும் ஓர் இலக்கை அடித்தார். இறுதியாட்டத்திற்கு, காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் ஆடாதிருந்த உயரமான இலக்குக் காப்பாளர் பீட்டர் தங்கராஜ் மீண்டும் அழைக்கப்பட்டார்.

செப்டம்பர் 4, 1962 அன்று நடந்த இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியாவே எதிரணியாக அமைந்தது. இசுரேல், தாய்வான் ஆகிய நாடுகளை இந்தோனேசியா விலக்கியதை இந்தியரான ஜி. டி. சோந்தி எதிர்த்திருந்தார். இதனால் அரங்கை நிறைத்திருந்த இந்தோனேசியப் பார்வையாளர்கள் இந்திய அணிக்கு எதிராகக் கூச்சலிட்டனர். அச்சூழலில் பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் 20 நிமிடங்களுக்குள் தலா ஓர் இலக்கை அடித்தனர். தென் கொரியா பிற்பாதியில் ஓர் இலக்கை அடித்த போதிலும், இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பெற்ற கடைசித் தங்கம் இதுவாகும்.

தமிழ் ஆட்டக்காரர்கள்

ரகீமின் அணிகளில் தமிழ் ஆட்டக்காரர்கள் குறிப்பிடத்தக்க இடம் பெற்றனர். பீட்டர் தங்கராஜ், நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராசு படைப்பிரிவு மையத்தின் அணிக்காக ஆடி, 1955 லும் 1958 லும் டுராண்டு கோப்பையை வென்றவர். சைமன் சுந்தரராஜ் ரோம் ஒலிம்பிக்கிலும், அருமைநாயகம் ஜகார்த்தாவிலும் இடம்பெற்றனர். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவைச் சேர்ந்த துளசிதாசு பலராம், ரகீம் கண்டறிந்த ஆட்டக்காரர்களுள் முதன்மையானவர். பயிற்சிக்கு வந்து செல்ல வசதியற்றிருந்த அவருக்கு, வாடகை மிதிவண்டிக்கான பணத்தை ரகீமே கொடுத்து வந்ததாகக் கூறப்படுகிறது.

ஆட்ட உத்திகள்

தடுப்பில் நால்வர், நடுவில் இருவர், தாக்குதலில் நால்வர் என்ற 4-2-4 அமைப்பை, 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அதனைப் புகழ்பெறச் செய்வதற்கு முன்பே ரகீம் கையாண்டதாகக் கூறப்படுகிறது. நடுத் தாக்குநரைச் சற்றுப் பின்னால் நிறுத்தி எதிரணித் தடுப்பாளர்களைக் குழப்பும் முறையையும் இவர் பயன்படுத்தினார்.

நீண்ட காலப் பொறுப்பு பற்றிய விவாதம்

ஒரே பயிற்றுநர் பல ஆண்டுகள் நீடிப்பது குறித்து உலகெங்கும் இரசிகர்கள் இரு பிரிவாக நிற்பது வழக்கம். இங்கிலாந்தின் மான்செசுட்டர் யுனைட்டெட் கழகத்தில் அலெக்சு பெர்குசனை நீக்குமாறு 1989 இல் இரசிகர்கள் பதாகை பிடித்தனர். அவர் நீக்கப்படவில்லை, 1990 இல் எஃப்.ஏ. கோப்பையை வென்று, 2013 வரை பொறுப்பில் இருந்து கழகத்தின் பெரும் வெற்றிகளைப் பெற்றுத் தந்தார். மாறாக, ஆர்சனல் கழகத்தில் 1996 முதல் பணியாற்றிய ஆர்சேன் வெங்கரின் கடைசி ஆண்டுகளில் கழகம் தேக்கமடைந்ததாகக் கருதிய இரசிகர்கள் மாற்றம் கோரினர். அவர் 2018 இல் விலகினார்.

ரகீமின் வரலாறு இவ்விரு தரப்பினருக்கும் சான்று தருகிறது. 1-10 என்ற தோல்வியை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் மெல்பேர்ணும் ஜகார்த்தாவும் இவரது வரலாற்றில் இடம்பெற்றிரா. அதே வேளையில், ஒருவரையே பெரிதும் சார்ந்திருக்கும் ஏற்பாடு அவருக்குப் பின் தளர்ந்துவிடும் என்ற எச்சரிக்கையும் இதில் உள்ளது. 1964 ஆசியக் கோப்பையில் ஆங்கிலேயரான ஹாரி ரைட்டின் பயிற்சியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டுக்களில் வெண்கலம் வென்றது. அதன் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா பதக்கம் பெறவில்லை.

மேலும், நீடித்தாலும் ரகீம் ஒரே முறையைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஜகார்த்தாவில் தங்களைத் தோற்கடித்த அணியையே, ஆட்டக்காரர்களின் இடங்களை மாற்றி அமைத்து இவர் வென்றார்.

மறைவும் நினைவும்

ஜகார்த்தா வெற்றிக்குப் பின் நுரையீரல் புற்றுநோயால் துன்புற்ற ரகீம், ஜூன் 11, 1963 அன்று தமது 53 ஆவது வயதில் காலமானார். இவரது மகன் சையது சாகித் அக்கீம் 1960 ரோம் ஒலிம்பிக்கிற்கான இந்திய அணியில் இடம்பெற்றவர். பின்னாளில் பயிற்றுநராகவும் விளங்கினார். ரகீமின் வாழ்க்கையைத் தழுவி அஜய் தேவ்கன் நடித்த மைதான் என்னும் இந்தித் திரைப்படம் 2024 இல் வெளிவந்தது.