வரலாற்றுப் பாடமும் மௌலானா ஆசாத்தும்

தேர்வுக்காக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் நம் பிள்ளைகள் மறந்துவிடும் பாடம் வரலாறு. அதன் அருமையை உணர்ந்தவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள்.

1888 நவம்பர் 11இல் புனித மக்காவில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்த மௌலானா, பள்ளிக்கூடம் சென்றதில்லை. தந்தையாரிடமும் வீட்டிற்கு வந்த ஆசிரியர்களிடமுமே கற்றார். 1912இல் அல்ஹிலால் இதழைத் தொடங்கி விடுதலை உணர்வை ஊட்டினார். 1943இல் துணைவியார் காலமானபோது அவர் அகமதுநகர்க் கோட்டைச் சிறையில் இருந்தார். இறுதியாக முகம் காணவும் இயலவில்லை.

1947 முதல் 1958இல் மறையும் வரை அவரே நாட்டின் கல்வி அமைச்சர். அவர் காலத்தில், 1952இல், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் இடைநிலைக் கல்விக் குழு அமைந்தது. வரலாறு, புவியியல், குடிமையியல் ஆகியவற்றை இணைத்துச் சமூகவியல் பாடமாகக் கற்பிக்க அக்குழு பரிந்துரைத்தது.

1857 எழுச்சியின் நூற்றாண்டையொட்டி, வரலாற்றறிஞர் சுரேந்திரநாத் சென்னிடம் அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. ஆங்கிலேயரின் சிறையில் பல்லாண்டுகள் வாடியவர் மௌலானா. எனினும் வெறுப்போ மிகைப்புகழ்ச்சியோ இன்றி, ஆவணச் சான்றுகளைக் கொண்டே அந்நூல் அமைய வேண்டுமென விரும்பினார். 1957இல் வெளிவந்த அந்நூலுக்கு அவரே முன்னுரை வழங்கினார்.

அவர் பிறந்தநாள் 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகிறது. கேத்தியிலுள்ள பெற்றோரே! வரலாற்றில் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதோடு நில்லாமல், படித்த செய்திக்குச் சான்று என்ன என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள். வதந்திக்கு மயங்காத தலைமுறை அக்கேள்வியிலிருந்தே உருவாகும்.