தியாகராஜ ஸ்வாமிகளின் சந்நிதியும் நாகரத்தினம்மாளின் திருப்பணியும்

காவிரிக் கரையில் திருவையாற்றில் ஸத்குரு ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளின் சமாதிக் கோயிலைத் தரிசித்து வருவோர் பலர். அக்கோயிலை எழுப்பியவர் ஒரு பெண்மணி என்பதையும், எழுப்பிக் கும்பாபிஷேகம் செய்வித்த பின்னரும் ஆராதனை நாளில் அச்சந்நிதியில் பாடும் பேறு அவருக்குப் பல்லாண்டுகள் கிட்டவில்லை என்பதையும் அறிந்தோர் சிலரே. அப்பெண்மணியே பெங்களூர் நாகரத்தினம்மாள்.

கபிலை நதிக்கரையில் ஸ்ரீகண்டேசுவரர் எழுந்தருளியிருக்கும் நஞ்சன்கூட்டில் 1878ஆம் ஆண்டு அம்மையார் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி தேவதாசி மரபைச் சேர்ந்தவர். ஆதரித்தோர் கைவிட்ட நிலையிலும், தாம் பட்ட துன்பம் மகளின் கல்வியைத் தொடாதபடி காத்த உத்தமி அவர். சிறு வயதிலேயே சம்ஸ்கிருதமும், கன்னடமும், தெலுங்கும், சங்கீதமும் நாட்டியமும் மகளுக்குக் கற்பிக்கப் பெற்றன. சங்கீதம் பயிற்றிய முனுசாமப்பா, ஸ்வாமிகளின் நேர்ச் சீடராகிய வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரின் பரம்பரையில் வந்தவர். ஆகவே ஸ்வாமிகளின் கீர்த்தனங்கள் அச்சுப் புத்தகத்தின் வழியாகவன்றிக் குருமுகமாகவே அம்மையாரை அடைந்தன.

இளமையிலேயே தாயை இழந்த அவர், மைசூரிலும் பெங்களூரிலும் பாடிப் புகழ் பெற்றுப் பின்னர்ச் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1905 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் அவர் செய்த கச்சேரிகள் 1,200க்கும் மேற்பட்டன. ஆணின் குரலையொத்த கம்பீரமான சாரீரம். சாஹித்தியத்தின் பொருளறிந்து பாடும் புலமை. இவை இரண்டும் அவரைச் சபைகளில் உயர்த்தின. செல்வமும் குவிந்தது. வருமான வரி செலுத்துமளவிற்கு அக்காலத்தில் பொருளீட்டிய கலைஞர்கள் மிகச் சிலர்; அவர்களுள் அம்மையாரும் ஒருவர். சொந்த வீடு, ஆபரணங்கள், பிரபுக்களின் மதிப்பு என்று உலகியலில் ஒரு குறையும் இல்லை.

ஆயினும் எவருடைய பாடல்களைப் பாடி இச்செல்வம் வந்ததோ, அம்மகான் தெருவில் உஞ்சவிருத்தி செய்து உண்டவர். தஞ்சை அரண்மனை அழைத்தும் செல்லாது, அனுப்பிய திரவியத்தையும் ஏற்காது மறுத்தவர் என்பது பெரியோர் வழங்கி வரும் வரலாறு. அம்மையாரின் பிற்கால வாழ்வை நோக்குமிடத்து, இந்த வேறுபாட்டை அவர் மறந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

அவருடைய உறுதிக்கு ஒரு சான்றை இடையே கூறுதல் தகும். தஞ்சை மராத்திய மன்னர் காலத்தில் வாழ்ந்த முத்துப்பழனி என்னும் கவயித்திரி இயற்றிய ராதிகா ஸாந்த்வனம் என்ற தெலுங்குக் காவியத்தை அம்மையார் பரிசோதித்து 1910இல் பதிப்பித்தார். சிருங்காரம் மிக்கதென்று சிலர் இகழ, அரசாங்கமும் அந்நூலைத் தடை செய்தது. 1947இல்தான் அத்தடை நீங்கியது. ஒரு பெண்ணின் வாக்கு அழிந்து போகலாகாது என்பதில் அவர் தளரவே இல்லை.

1921ஆம் ஆண்டு மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. திருவையாற்றில் ஸ்வாமிகளின் சமாதி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்பதே அச்செய்தி. 1847ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், புஷ்ய பகுள பஞ்சமியன்று, ஸ்வாமிகள் துறவு நிலையில் சித்தியடைந்தபோது சீடர்கள் அங்கே ஒரு சிறு பிருந்தாவனத்தை அமைத்தனர். நாளடைவில் அது சிதைந்தது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அவ்விடத்தைச் செப்பனிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் ஆராதனையும் விரிவாக நடைபெறத் தொடங்கியது. ஆனால் ஆராதனை நாட்கள் கழிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். பின்னர் ஆண்டு முழுவதும் சமாதிக்கு விளக்கேற்றவும் ஆளில்லை. ஆண்டுக்கொரு முறை திரளும் பக்தியால் ஒரு சந்நிதி நிலைபெறாது என்பதைத் திருப்பணியில் ஈடுபட்டோர் நன்கறிவர்.

அம்மையார் திருவையாறு சென்று அவ்விடத்தைக் கண்டார். பிறரிடம் வசூலித்துப் பின்னர்த் தொடங்குவோம் என்று காத்திருக்கவில்லை. 1921 அக்டோபரிலேயே அஸ்திவாரக் கல் நாட்டப் பெற்றது. சமாதியைச் சூழ்ந்த நிலத்தைப் பெறுவதற்கும், கருங்கல் வேலைக்கும் அவருடைய சேமிப்பு கரைந்தது, ஆபரணங்கள் விலையாயின, சென்னை வீடும் பிற்பாடு விற்கப் பெற்றது. சமாதிக்கு முன்னே ஸ்வாமிகளின் திருவுருவத்தைச் சிலையாக வடிப்பித்துப் பிரதிஷ்டை செய்வித்தார். 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் நிறைவேறியது. நித்திய பூஜைக்கும் ஏற்பாடு செய்தார். சபையில் பாடிய ஒவ்வொரு கீர்த்தனத்திற்கும் கிடைத்த சன்மானம் இவ்வாறு அக்கீர்த்தனங்களை அருளியவரின் திருவடிக்கே சென்று சேர்ந்தது.

கட்டடம் முடிந்தது, ஆனால் அவர் விரும்பியது கட்டடம் மட்டுமன்று. ஸ்வாமிகளின் சந்நிதியில் அமர்ந்து அவருடைய பாடலை அவருக்கே பாடிச் சமர்ப்பிக்க வேண்டும் என்பதே அவருடைய வேட்கை. அக்காலத்தில் ஆராதனையைப் பெரிய கட்சி, சின்ன கட்சி என இரு பிரிவினர் தனித்தனியே நடத்தி வந்தனர். பலவற்றில் மாறுபட்ட அவ்விரு கட்சியாரும் ஒன்றில் மட்டும் ஒத்திருந்தனர். பெண்கள் அங்கே பாடுவதற்கும் ஹரிகதை செய்வதற்கும் இரண்டிடத்தும் இடமில்லை. கோயில் எழுப்பிய கைகளுக்குத் தம்பூரா மீட்ட அங்கே அனுமதி இல்லாது போயிற்று.

மற்றொருவராயின் கொடுத்ததை எண்ணிக் கசந்திருப்பர்; அல்லது சந்நிதியைப் பூட்டி உரிமை பேசியிருப்பர். அம்மையார் பூஜையையும் நிறுத்தவில்லை, தம் விருப்பத்தையும் விடவில்லை. 1927இல் பெண் கலைஞர்களை ஒன்றுதிரட்டி, சமாதியின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். மக்கள் அதனைப் பெண்கள் கட்சி என்று அழைத்தனர். முன்புறத்தில் ஆடவர் பாட, பின்புறத்தில் பெண்டிர் பாட, ஒரே சந்நிதியில் ஆண்டுதோறும் அந்த நாதோபாசனை நிகழ்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், 1940இல், முசிரி சுப்பிரமணிய ஐயர் முதலிய வித்வான்களும், ஐ.சி.எஸ். அதிகாரி எஸ். ஒய். கிருஷ்ணசாமியும் முயன்று கட்சிகளை ஒன்றுபடுத்தினர். 1941ஆம் ஆண்டு ஆராதனை முதல் பெண்களும் ஸ்வாமிகளின் முன்னிலையில் பாடலாயினர். பஞ்சரத்தினக் கீர்த்தனங்களை அனைவரும் ஒருசேரப் பாடும் முறையும் அக்காலத்தில் ஏற்பட்டதே.

அப்போது அம்மையாருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. ஈட்டிய செல்வமெல்லாம் கைங்கரியத்தில் போய்விட, தம் இறுதிக் காலத்தைத் திருவையாற்றிலேயே எளிய நிலையில் கழித்தார். எஞ்சிய உடைமைகளையும் சமாதிக் கைங்கரியத்திற்கே உயில் எழுதி, பெண்கள் அங்கே வழிபடவும் பாடவும் எக்காலத்தும் தடை நேரலாகாது என்பதையும் அதில் குறித்து வைத்தார். 1952ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் அம்மையார் இறைவனடி சேர்ந்தார்.

ஸ்வாமிகளின் சமாதிக்கு அருகிலேயே அம்மையாருக்கும் நினைவிடம் அமைந்தது. அதிலுள்ள அவரது சிலை ஸ்வாமிகளின் சந்நிதியை நோக்கி அமர்ந்திருக்கிறது.