இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் சங்ககாலப் பாண்டிய மன்னர்களுள் ஒருவன். புறநானூற்றின் 55, 56, 57, 196, 198 ஆம் பாடல்கள் இவனைப் பற்றியவை. யவனர் மதுவைச் சுவைத்த தமிழ் மன்னனாக இவன் அறியப்படுகிறான்.

பெயர்

இலவந்திகை என்பது அரசர்க்குரிய நீர்வளம் மிக்க சோலை. அங்குள்ள பள்ளியில் உயிர் நீத்தமையால் இப்பெயர் பெற்றான். சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்பவன் வேறொருவன்.

யவனர் மது

56 ஆம் பாடலில் நக்கீரர் இவனை நான்கு தெய்வங்களுடன் ஒப்பிடுகிறார். யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தித் தர, நாளும் அருந்தி மகிழ்ந்து நெடிது வாழுமாறு வாழ்த்துகிறார். தேறல் என்பது தெளிந்த மது. அதன் மணத்தையும் தெளிவையும் போற்றிய சுவையுணர்வு இதனால் புலனாகிறது.

கி.பி. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்புளூசு, பாண்டியரின் நெல்கிந்தாத் துறைமுகத்தில் திராட்சை மது சிறிதளவே இறக்குமதியானதாகக் கூறுகிறது. எனவே அது அரிய பொருளாக இருந்தது. 1945 இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன.

புலவர்களின் அறிவுரை

அறமே ஆட்சியின் அடிப்படை என மருதன் இளநாகனார் அறிவுறுத்தினார். பகைவரின் காவல்மரங்களை அழிக்காதிருக்குமாறு காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் வேண்டினார். பரிசில் தரக் காலம் தாழ்த்தியதை ஆவூர் மூலங்கிழாரும் பேரிசாத்தனாரும் கடிந்துரைத்தனர். அரிய மதுவை அருந்தியவனாகப் போற்றப்பட்ட இம்மன்னனே, இரவலரைக் காக்க வைத்தவனாகவும் புறநானூற்றில் காணப்படுகிறான்.